சுரங்கம் புகுந்த அறிஞர்

செஞ்சி மலைகளைச் சூழ்ந்த ஊர்களிலும், அவற்றை அடுத்த மேல்மலையனூர்ப் பகுதியிலும் உழவுத் தொழிலுக்குக் கிணறே பெருந்துணை. மண்ணை அகழ்ந்து செல்லுங்கால் பாறை எதிர்ப்படும். அதனை வெடிவைத்துத் தகர்த்து, மேலும் ஆழத்திற்குச் சென்று நீர் காண்பர். நெடுநாள் இறைக்காமற் கிடந்த கிணற்றில் தூர் எடுக்க இறங்குமுன், அனுபவம் மிக்க முதியோர் அரிக்கேன் விளக்கொன்றை ஏற்றிக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவர். விளக்கு அணைந்துவிட்டால் எவரையும் இறங்க விடமாட்டார். கிணற்றின் அடியில் பிராணவாயு குறைந்துள்ளது என்பதை அவ்விளக்கு சொல்லிவிடுகிறது.

விளக்குச் சொல்லாத நஞ்சும் உண்டு. நீர் இறைக்கும் எண்ணெய் இயந்திரத்தை ஆழ்ந்த கிணற்றுக்குள் இறக்கி ஓட்டினால், அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு கலந்து வரும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. அது பரவிய இடத்தில் விளக்கு நன்றாகவே எரியும். விளக்கை நம்பி இறங்கியவரோ கால் தளர்ந்து சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்கப் போனவரும் சாய்வார். விஷவாயு தாக்கிற்று என்று ஊரார் வருந்துவர். அத்துடன் பேச்சு நின்றுவிடும். விஷவாயு என்றால் எந்த வாயு? அஃது எங்கிருந்து வந்தது? எவ்வளவு நேரத்தில் கொன்றது? அடுத்த முறை அதனை முன்னரே அறிவது எங்ஙனம்? இக்கேள்விகளைத் தம் வாழ்நாள் முழுவதும் கேட்டவர் ஒருவர் உண்டு. விடை காணும் பொருட்டு, விபத்து நேர்ந்த சுரங்கங்களுக்குள் தாமே இறங்கினார். நச்சு வாயுவைத் தாமே சுவாசித்தும் பார்த்தார். அவரே ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் உடலியல் அறிஞர்.

ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் 1860 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹால்டேன் பிறந்தார். அவருடைய குடும்பம் செல்வமும் செல்வாக்கும் உடையது. தமையனார் ரிச்சர்டு பிற்காலத்தில் பிரிட்டனின் போர் அமைச்சராக விளங்கினார். ஹால்டேன் 1884 இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மருந்தகம் அமைத்துப் பொருள் ஈட்டும் வழி அவருக்குத் திறந்தே இருந்தது. அவ்வழியை அவர் நாடவில்லை. டண்டீ நகரத்துக் கல்லூரியில் சேர்ந்து, மக்கள் சுவாசிக்கும் காற்றை ஆராயத் தொடங்கினார்.

டண்டீ நமக்கு முற்றிலும் அயலான ஊர் அன்று. வங்காளத்தில் விளைந்த சணல் கப்பலேறிச் சென்று நெய்யப்பட்ட ஊர் அது. ஆலைத் தொழிலாளர் ஓரறை வீடுகளில் நெருங்கி வாழ்ந்தனர். ஹால்டேனும் அவருடன் பணியாற்றிய வேதியியல் பேராசிரியர் கார்னெல்லியும், நள்ளிரவு கழிந்தபின், முன்னறிவிப்பின்றி அவ்வீடுகளின் கதவைத் தட்டுவர். உறங்கும் மக்களின் நடுவே நின்று, குப்பிகளில் காற்றைப் பிடித்து வருவர். பகலில் சன்னலைத் திறந்து வைத்து நல்ல காற்றைக் காட்டிவிடலாம் அல்லவா? அதற்காகவே நள்ளிரவைத் தேர்ந்தனர். பள்ளிகளின் காற்றையும் சாக்கடைகளின் காற்றையும் அவ்வாறே சோதித்தனர். நல்ல காற்றோட்டம் உள்ள சாக்கடையின் காற்று, நெருக்கமான வீட்டின் காற்றைவிடத் தூயதாக இருந்தது. நாற்றமே நோயைத் தருகிறது என்று நம்பிய அக்காலத்தார்க்கு இது பெருவியப்பை அளித்தது. எல்லாரும் அறிந்த உண்மை என்று சொல்லப்படுவதை அளந்து பார்க்காமல் ஏற்பதில்லை என்னும் வழக்கம் அப்பொழுதே அவரிடம் நிலைபெற்றுவிட்டது.

1887 இல் அவர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் சேர்ந்தார். சாக்கடையின் மறுபக்கத்தை அவருக்குக் காட்டிய நிகழ்ச்சி 1895 ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் நாள் நேர்ந்தது. லண்டனை அடுத்த ஈஸ்ட் ஹாமில் கழிவுநீர் இறைக்கும் நிலையம் ஒன்று இருந்தது. அங்கே தொழிலாளி ஒருவர் கழிவுநீர்க் குழிக்குள் ஏணி வழியே இறங்கினார், இறங்கியவர் வீழ்ந்தார். அவரைக் காக்க மற்றொருவர் இறங்கினார்; அவரும் வீழ்ந்தார். இப்படியே, காக்கச் சென்ற நால்வரும் முதலில் வீழ்ந்தவரோடு மாண்டனர். லண்டன் மாநகரில் பிறர்க்காக உயிர் ஈந்தோர்க்கென அமைந்த பூங்கா ஒன்றில், அந்நால்வர் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுடைய வீரத்தை எவரும் ஐயுறவில்லை. ஹால்டேனோ அவர்களைக் கொன்றது எது என்று கேட்டார். கழிவுநீரிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவே காரணம் என்று கண்டறிந்தார். சிறிதளவில் அது அழுகிய முட்டைபோல் நாறும். பேரளவில் வந்தாலோ மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று மனிதர் எண்ணும் நேரத்தில் உயிர் போய்விடும். அசையாமல் தேங்கிய கழிவைக் கலக்கும்பொழுது அவ்வாயு திடீரென வெளிப்படும்.

இந்த இடத்தில் சற்று நிற்பது தகும். ஈஸ்ட் ஹாமில் நடந்த அதே முறையில், ஒருவர்பின் ஒருவராகக் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி உயிரிழப்பது நம் தமிழ்நாட்டிலும் பன்முறை நடந்துள்ளது. காப்பின்றி மனிதரைச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறக்குவதை 2013 ஆம் ஆண்டு நடுவணரசுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தோர் குடும்பத்திற்குப் பத்து லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என 2014 இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 இல் அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. சட்டத்திற்குப் பின்னும் இறப்புகள் நின்றபாடில்லை. ஹால்டேன் நூற்றாண்டுக்கு முன்பே காரணத்தைக் கண்டு சொன்ன சாவுகள் இவை.

ஈஸ்ட் ஹாம் விபத்து நேர்ந்த அக்காலத்தில் அவர் வேறொரு வாயுவையும் ஆராய்ந்து கொண்டிருந்தார். அதுவே நாம் முன்னர்க் கூறிய கார்பன் மோனாக்சைடு. குருதியிலுள்ள செந்நிறப் பொருள், பிராணவாயுவை நுரையீரலிலிருந்து உடல் முழுதும் சுமந்து செல்கிறது. கார்பன் மோனாக்சைடு பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் அச்செந்நிறப் பொருளைப் பற்றிக்கொள்ளும். வண்டியில் இடமெல்லாம் வேறொருவர் அமர்ந்துவிட்டால், உரியவர் ஏற இயலாதது போன்ற நிலை அது. காற்றில் பிராணவாயு இருந்தும் உடலுக்கு எட்டாது. இதனை எலிகளிடத்துச் சோதித்ததோடு ஹால்டேன் நிற்கவில்லை. தம் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து, அளந்த வாயுவைத் தாமே சுவாசித்தார். இடையிடையே தம் குருதியை எடுத்துச் சோதித்தார். குருதியின் பாதிக்கு மேற்பட்ட பகுதியை அவ்வாயு பற்றிக்கொள்ளும் வரையில் நிறுத்தவில்லை. அந்நிலையில் பார்வை மங்கிற்று. நிற்கவும் கால் நிலைகொள்ளவில்லை. எந்த அளவில் என்ன நேர்கிறது என்பதை மணித்துளி வாரியாகக் குறித்துவைத்தார். எலி மனிதரைவிடப் பன்மடங்கு விரைவாக மயங்குகிறது என்பதும் அச்சோதனைகளில் புலனாயிற்று. உடல் சிறியதாகவும் சுவாசம் விரைவாகவும் உள்ள உயிர்களுக்கு நஞ்சும் விரைவில் ஏறும்.

இவ்வறிவு பயன்படும் நாள் அணித்தே வந்தது. தெற்கு வேல்ஸில் ரோண்டா பள்ளத்தாக்கில் டைலர்ஸ்டவுன் என்னும் ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில், 1896 ஆம் ஆண்டு ஜனவரி 27 ஆம் நாள் விடியற்காலையில் வெடிவிபத்து நிகழ்ந்தது. 57 பேர் மாண்டனர். பகல் வேலைக்குரிய பெருங்கூட்டம் இறங்குமுன் நிகழ்ந்தமையால் இறந்தோர் தொகை இந்த அளவோடு நின்றது. செய்தி அறிந்த ஹால்டேன் அங்கு விரைந்தார், சுரங்கத்தினுள் சென்றார், இறந்தோரின் உடல்களையும், வண்டி இழுத்த குதிரைகளின் உடல்களையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்.

வெடியின் தாக்குதலாலும் தீயாலும் சுரங்கத் தொழிலாளர் இறக்கின்றனர் என்பதே அந்நாளைய பொதுக் கருத்து. ஹால்டேன் கண்டதோ வேறு. பெரும்பாலோர் உடலில் உயிரைப் போக்கத்தக்க காயம் இல்லை. அவர்களுடைய தோல், உயிருள்ளவர் தோலினும் செந்நிறமாக இருந்தது. ஒரு துளி குருதியை எடுத்து நீரில் மிகுதியாகக் கரைத்தார். இயல்பான குருதி அவ்வாறு கரைத்தால் மஞ்சள் சாயல் கொள்ளும். இதுவோ இளஞ்சிவப்பாகவே நின்றது. கார்பன் மோனாக்சைடின் அடையாளம் அதுவே. வெடிக்குத் தப்பியவர்கள், வெடிக்குப்பின் சுரங்க வழிகளில் பரவிய நச்சுக் காற்றால் மாண்டுள்ளனர் என்பது ஐயமின்றி விளங்கிற்று. அவ்வாண்டிலேயே வெடிவிபத்து நேர்ந்த பிரான்ஸ்பெத், மிக்கிள்ஃபீல்டு சுரங்கங்களையும் ஆராய்ந்து, நிலக்கரிச் சுரங்க விபத்துகளில் இறப்பிற்குரிய காரணங்களைப் பற்றி அரசுக்கு அறிக்கை அளித்தார்.

அவ்வறிக்கையின் சிறப்பை நாம் நன்கு உணர வேண்டும். சுரங்க விபத்து நேர்ந்தால் அதற்கு முன்னும் விசாரணை நடந்ததுண்டு. விளக்கைத் திறந்தவன் யார், புகைபிடித்தவன் யார், விதியை மீறியவன் யார் என்பவையே அவற்றில் பெரிதும் கேட்கப்பட்ட கேள்விகள். குற்றம் புரிந்தவன் பெரும்பாலும் இறந்தவர்களுள் ஒருவனாகவே இருப்பான். அவன் மறுமொழி கூற வரமாட்டான். விசாரணையும் இனிது முடியும். குற்றவாளியைக் கண்டறிவது வேண்டாததன்று. ஆயினும் அதனால் மட்டும் அடுத்த சுரங்கத்தில் ஒருவரும் பிழைக்கப் போவதில்லை. இறந்தோரைக் கொன்றது வெடியன்று, நச்சுக் காற்றே என்று தெரிந்தவுடன் செய்யத்தக்க செயல்கள் தாமே முன்வந்து நின்றன. காற்று நஞ்சாகிவிட்டதை அறிய வழி வேண்டும். அதனூடே சென்று மீட்போருக்குப் பிராணவாயுக் கருவி வேண்டும். அக்கருவியைப் பழகிய மீட்புக் குழுவினர் அருகிலேயே இருக்கவும் வேண்டும்.

முதலாவது தேவைக்கு ஹால்டேன் கூறிய வழி மிக எளியது. சிறிய எலியையோ பறவையையோ கூண்டில் வைத்து உடன் கொண்டு செல்லுதல். அது தள்ளாடினால், மனிதர் திரும்பி வருவதற்கு நேரம் இருக்கிறது என்பது பொருள். எலி மயங்கியதைக் காண்பதினும், பறவை கொம்பிலிருந்து வீழ்வதைக் காண்பது எளிது. எனவே கானரி என்னும் மஞ்சள் நிறச் சிறு பறவையே பின்னர் வழக்கில் நிலைபெற்றது. மயங்கிய பறவையை உயிர்ப்பிக்கச் சிறு பிராணவாயு உருளை பொருத்திய கூண்டும் செய்யப்பட்டது. வாயுவை உணரும் மின்னணுக் கருவிகள் வந்தபின், 1986 இல் பிரிட்டனின் சுரங்கங்கள் இப்பறவைகளுக்கு ஓய்வளிக்க முடிவு செய்தன. தொண்ணூறு ஆண்டுக் காலத்தில் இச்சிற்றுயிர் காத்த மனிதர்கள் எத்தனை பேரோ!

சுரங்கங்களுக்குச் செல்லுங்கால் ஹால்டேன் தம் மகன் ஜாக்கையும் சிறுவயது முதலே அழைத்துச் செல்வார். ஒருமுறை, மீத்தேன் வாயு சேர்ந்திருந்த சுரங்க வழியொன்றில் மகனை எழுந்து நிற்கச் செய்து, ஷேக்ஸ்பியர் நாடகத்து ஆண்டனியின் பேச்சை ஒப்பிக்குமாறு பணித்தார். சில அடிகள் சொல்வதற்குள் சிறுவனுக்கு மூச்சு வாங்கிற்று; கால் மடங்கித் தரையில் வீழ்ந்தான். தரையில் காற்று நன்றாக இருந்தது, உடனே தெளிந்தான். மீத்தேன் காற்றினும் இலேசானது, ஆதலின் கூரையை ஒட்டியே நிற்கும் என்னும் பாடத்தை அவன் பின்னர் ஒருநாளும் மறக்கவில்லை. இக்காலத்துப் பெற்றோர் எவரும் இதற்கு உடன்படார், உடன்படவும் வேண்டா. ஆனால், தாம் ஏற்காத இடரைப் பிறர்மேல் ஏற்றும் இயல்பு ஹால்டேனிடம் இல்லை என்பதையும் கூற வேண்டும்.

1902 இல் கார்ன்வால் பகுதியிலுள்ள டால்கோத் வெள்ளீயச் சுரங்கத்தில் தொழிலாளர் பலர் குருதி குன்றி வெளிறிப்போயினர். சுரங்கக் காற்றே கெட்டுவிட்டது என்று கருதிக் காற்றியல் அறிஞராகிய ஹால்டேனை அழைத்தனர். தாம் வல்ல துறையிலேயே காரணம் இருக்கும் என்று எண்ணுவது அறிஞர்க்கு இயல்பு. அவரோ காற்றை அளந்தார். அதில் குறையில்லை என்று கண்டார். உடனே வேறு வழியில் தேடினார். மனிதக் கழிவு கலந்த ஈர மண்ணிலிருந்து உடலினுள் புகும் கொக்கிப்புழுவே காரணம் எனத் தெரிந்தது. சுரங்கத்தில் கழிப்பிட வசதி செய்வது மருந்தோடு சேர்ந்த மருந்தாயிற்று. பாறையைத் துளைக்கும் இயந்திரத்திலிருந்து எழும் நுண்ணிய கற்றூள் நுரையீரலை அரிப்பதையும் அதே பகுதியில் ஆராய்ந்து வெளிப்படுத்தினார்.

பின்னர்க் கடற்படையினர் அவரை நாடினர். நீரின் அடியில் அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசித்து வேலை செய்யும் முக்குளிப்போர், மேலே வந்தபின் மூட்டு வலியால் துடித்தனர், சிலர் கைகால் செயலற்றனர், சிலர் இறந்தனர். சோடாப் புட்டியைத் திடீரெனத் திறந்தால் குமிழிகள் பொங்குவதை நாம் அறிவோம். அழுத்தத்தில் குருதியில் கரைந்த நைட்ரஜன், விரைந்து மேலேறுங்கால் அவ்வாறே குமிழிகளாகிறது. ஹால்டேன் இரும்பறையில் வெள்ளாடுகளை வைத்துச் சோதித்து, அழுத்தத்தைப் பாதியளவுக்குக் குறைப்பதால் கேடு நேர்வதில்லை என்று கண்டார். அதன்பின் சற்று நின்று, மீண்டும் குறைக்க வேண்டும். எந்த ஆழத்திலிருந்து வருவோர் எங்கெங்கே எவ்வளவு நேரம் தங்க வேண்டும் என்னும் அட்டவணைகளை 1908 இல் தம் துணைவர் இருவருடன் வெளியிட்டார். இன்று உலகெங்கும் வழங்கும் அட்டவணைகளுக்கு அவையே மூலம். தூத்துக்குடிக் கடலில் மூச்சடக்கி மூழ்கிய முன்னோர்க்கு இத்துன்பம் பெரிதும் இல்லை; அழுத்தக் காற்றைக் குழாய்வழிச் சுவாசித்து நெடுநேரம் நீரடியில் தங்கிச் சங்கு எடுப்போர்க்கு உண்டு.

வெப்பமும் அவர் ஆய்வுக்குத் தப்பவில்லை. சூடான சுரங்கத்தில் மனிதரை வீழ்த்துவது வெறும் வெப்பமன்று, ஈரத்தோடு கூடிய வெப்பமே என்பதை அவர் 1905 இல் விளக்கினார். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. ஆதலின், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவையே நோக்க வேண்டும் என்றார். நம் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் பல தலைமுறையாக உழைத்த கோலார் தங்கச் சுரங்கம், 2001 இல் மூடப்படுமுன் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியிருந்தது. அவ்வாழத்தில் பாறையே கையைச் சுடும். அத்தகைய இடத்தில் உழைப்போர்க்குக் குளிர்ந்த காற்றை அனுப்புவது அருள் அன்று, கணக்கு என்பது ஹால்டேனின் அளவைகளால் தெளிவாகும்.

1915 இல் போர்க்களத்தில் நச்சுவாயு வீசப்பட்டபொழுது, அது குளோரின் என்று கண்டறியச் சென்றவரும் அவரே. 1928 இல் அரசு அவருக்குச் சிறப்பு விருது வழங்கிற்று. 1934 இல் அரசு அறிவியல் கழகம் காப்ளி பதக்கம் அளித்தது. எழுபத்தைந்து வயதிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. பாரசீகத்து எண்ணெய் ஆலைகளில் தொழிலாளர் வெப்பத்தால் வீழ்வதை ஆராயச் சென்று மீண்டார். மீண்ட சின்னாட்களில் நுரையீரல் அழற்சியுற்று, 1936 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் நடுவில் ஆக்ஸ்போர்டில் காலமானார்.

சுரங்கத்தில் கால் மடங்கி வீழ்ந்த மகன் அப்பொழுது பேரறிஞராகிவிட்டார். ஜே. பி. எஸ். ஹால்டேன் என்று உலகம் அறிந்தவர் அவரே. 1939 ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தீட்டிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல், வெள்ளோட்டத்தின்போது லிவர்பூல் அருகே மூழ்கிற்று. அதில் இருந்தோர் 103 பேர்; அவர்களுள் கப்பல் கட்டும் தொழிலாளர் பலர். 99 பேர் மாண்டனர். நீர் புகுந்துள்ளதா எனப் பார்ப்பதற்கென அமைந்த சிறு துளை வண்ணப்பூச்சால் அடைபட்டிருந்ததே தொடக்கம். நீர் புகாத பகுதியில் உயிரோடிருந்தவர்கள் என்ன ஆயினர் என்று அறியத் தொழிற்சங்கங்கள் ஹால்டேனின் மகனை அழைத்தன. அவர் தம் துணைவர் சிலரோடு இரும்பறையில் பல மணி நேரம் அடைபட்டிருந்து, தாம் வெளியிட்ட கரியமிலவாயுவைத் தாமே சுவாசித்து, அத்தொழிலாளர்களின் இறுதி நேரத்தைக் கணித்தார். பின்னர், நீர்மூழ்கிகளிலிருந்து தப்பும் வழிகளை ஆராய்ந்ததில் முதுகெலும்பு நசுங்கும் துன்பத்தையும் அடைந்தார்.

அவர் 1957 இல் இந்தியாவிற்கு வந்து கல்கத்தாவில் தங்கினார். 1961 இல் இந்தியக் குடிமகனானார். பின்னர்ப் புவனேசுவரத்தில் ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார். 1964 ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் அங்கே காலமானார். அவர் விருப்பப்படியே, அவருடைய உடல் ஆந்திர மாநிலத்துக் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர்கள் ஆராய்ந்து கற்கும் பொருட்டு அனுப்பப்பட்டது.